மனைக்கு மனை கணக்கு சரி

நாவலூர், தாழம்பூர் பக்கம் இன்னொரு அடுக்குமாடிக் கோபுரம் வருகிறது என்று யாராவது முணுமுணுத்தால் பதில் தயாராக இருக்கும். "நீங்க மட்டும் எங்க இருக்கீங்க? பதினாலாவது மாடியிலதானே?" அன்ரிசர்வ்ட் பெட்டியில் முண்டியடித்து ஏறிவிட்டு, அடுத்த ஸ்டேஷனில் கதவைச் சாத்துகிற ஆள் என்று அர்த்தம். கேலி நியாயமானதுதான். எங்கள் ஆட்சேபங்களில் பாதி, ஏரி தெரிந்த பால்கனியில் இனி சுவர் தெரியும் என்பது. அப்புறம் மறுவிற்பனை விலை. அவற்றை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சிறுசேரியில் வேலை இருக்கிறது, பக்கத்தில் வீடு வேண்டும், நிலம் குறைவு. மேலேதான் போயாக வேண்டும்.

மிச்சப் பாதிக்குத்தான் யாரும் பதில் சொல்வதில்லை.

300 வீடுகள், வீட்டுக்கு 4 பேர் என்று வையுங்கள். நகரக் குடிநீர்த் திட்டங்களில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். மொத்தம் 1,62,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் தினமும் 14 நடை. ஒரே ஒரு கோபுரத்துக்கு! குழாய் வராத இடத்தில் இந்தத் தண்ணீர் ஏதோ ஒரு கிராமத்து விவசாயக் கிணற்றிலிருந்து வருகிறது. அங்கே கிணறு வற்றும்போது நாம் வாட்ஸப் குழுவில் "இந்த மாசம் மெயின்டெனன்ஸ் ஏன் ஏறிச்சு?" என்று கேட்டுக்கொண்டிருப்போம். 2019 கோடையில் தண்ணீர் இல்லாமல் இந்தச் சாலையின் ஐடி நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. வீட்டிலும் அதே லாரித் தண்ணீர்தான்.

வந்த தண்ணீரில் சுமார் 80 சதவீதம் கழிவுநீராக வெளியேறும். கட்டடத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, வாஸ்தவம். கொஞ்சம் ஃபிளஷுக்கும் செடிகளுக்கும் போகும். மிச்சத்துக்கு, பாதாளச் சாக்கடை இல்லாத தெருவில் இரண்டே வழி: காசு கொடுத்துக் கழிவுநீர் லாரி, இல்லாவிட்டால் ராத்திரி நேரத்து மழைநீர் வடிகால். எது மலிவு என்று சொல்ல வேண்டியதில்லை.

அனுமதி தரும் விதத்தில்தான் கோளாறு. 2019இல் வந்த மாநில கட்டட விதிகள் உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு தளப்பரப்பு, தந்தன. பணம் கட்டினால் அதற்கு மேல் 50 சதவீதம் வரை பிரீமியம். மனைக்கு முன்னால் 18 மீட்டர் சாலை இருந்தால் போதும். அதே சாலையைக் காட்டி ஏற்கனவே எத்தனை மனைகள் அனுமதி வாங்கின என்ற கேள்வி அந்த விண்ணப்பத்தில் வராது. எங்கள் தொழிலில் ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியாக டெஸ்ட் பாஸ் ஆகும். சேர்த்து ஓடவிட்டால் சர்வர் படுத்துவிடும். அதே கதைதான். 20,000 சதுர மீட்டருக்கு மேல் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமே என்பார்கள். அதுவும் ஒரு திட்டம், ஒரு ஃபைல்.

கையெழுத்துப் போடுவது சிஎம்டிஏவோ நகர் ஊரமைப்பு இயக்ககமோ. குப்பையும் தெருவிளக்கும் நீண்ட காலம் கிராம ஊராட்சிகளின் தலையில். நடுவில் 'உள்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம்' என்று பில்டரிடம் அரசு வாங்குகிறது. பில்டர் அதை விலையில் ஏற்றுகிறார், அது நம் ஹோம் லோனில் வந்து உட்காருகிறது. 20 வருஷம் வட்டி கட்டுகிறோம். எந்தத் தெருவில் எந்தக் குழாயாக அது மாறியது என்று கேட்க எந்த வரிசையில் நிற்பது?

கட்டாதே என்று சொல்லவில்லை. குழாயும் சாக்கடையும் வந்து சேராத பகுதியில் பிரீமியம் எஃப்எஸ்ஐயை மட்டும் விற்காதீர்கள். இல்லாத தண்ணீரை மாடி மாடியாக விற்பதற்குப் பெயர் திட்டமிடல் இல்லை. வீட்டு விலை ஏறிவிடும் என்று பயமுறுத்துவார்கள். லாரிக்கு மாதாமாதம் அழுவது எந்த விலையில் சேர்த்தி?

குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த மனுவில் பால்கனியை விட்டுவிட்டு இதை மட்டும் எழுதலாம். நமக்குத் தண்ணீர் வரும் கிராமத்துக்காரர்களிடமும் அதில் கையெழுத்து கேட்க வேண்டும்.