கடப்பிதழில் அச்சேறாத நாள்

இரு நாட்டுக் குடியுரிமை உடையோர்க்குக் கைப்பேசிச் செயலி ஒன்று ஆக்கித் தருவது எளிய பணி என்று கருதுவோர் பெருகிவிட்டனர். கடப்பிதழ்கள் இரண்டையும் படம் பிடி, காலாவதி நாளைப் படித்துக்கொள், ஆறு திங்களுக்கு முன்னரே மணி அடி. பணி முடிந்தது என்கின்றனர். மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளுக்குச் செயலி வரையும் இக்காலத்தில் இவ்வெண்ணம் வகுப்பறைக்குள்ளும் புகுந்துவிடும். புகுமுன் தடுப்பது நன்று. இத்தகைய செயலி, தான் காக்க வந்தவரின் குடியுரிமைக்கே உலை வைக்கக்கூடும்.

மலேசியாவில் பிறந்த தந்தைக்கும் பிரிட்டிஷ் தாய்க்கும் இலண்டனில் பிறந்த பெண்ணொருத்தியை எண்ணிப் பாருங்கள். ஓராண்டுக்குள் தந்தை தூதரகத்தில் பதிந்தார்; அவள் மலேசியக் குடிமகள். பிறந்த மண்ணின் சட்டப்படி பிரிட்டிஷ் குடிமகளும் ஆவாள். இரண்டில் எதனையும் அவள் கேட்டுப் பெறவில்லை. பின்னொரு நாள் பிரிட்டிஷ் கடப்பிதழ் காலாவதியாகும் தறுவாயில் செயலி மணி அடிக்கிறது. ‘இப்பொழுதே புதுப்பிக்க’ என்னும் பொத்தான் ஒளிர்கிறது, அழுத்துகிறாள். மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் 24ஆம் பிரிவு கூறுவது யாது? பிறநாட்டுக் குடிமக்களுக்கே உரிய உரிமையைத் தானே முன்வந்து கோரிப் பயன்கொள்வோரின் குடியுரிமையை அரசாங்கம் ஆணையிட்டு நீக்கலாம். பிறநாட்டுக் கடப்பிதழுக்கு விண்ணப்பித்தலும், அதனைப் புதுப்பித்தலும், அதனைக் கொண்டு பயணம் செய்தலும் அத்தகைய செயல்களே என்று அப்பிரிவு ஐயத்துக்கு இடமின்றி விளக்கமும் தருகிறது. நண்பன்போல் வந்து நினைவூட்டிய கருவி எங்கே கொண்டுபோய் விட்டது, பார்த்தீர்களா?

சிங்கப்பூரின் நிலை இன்னும் கூர்மையானது. பெற்றோர் வழியாகக் குடியுரிமை பெற்றவர் 21 வயது நிறைந்தபின் 12 திங்களுக்குள் பிறநாட்டுக் குடியுரிமையைத் துறந்து பற்றுறுதி எடுத்தாக வேண்டும். தவறின், 22ஆம் வயதில் குடியுரிமை தானே நீங்கும். இந்த நாள் எந்தக் கடப்பிதழிலேனும் அச்சிடப்பட்டுள்ளதா? ஏட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகள் இரண்டு. வரிக்கு 44 இடங்கள். பிறந்த நாள் உண்டு, காலாவதி நாள் உண்டு. பிறப்பால் குடிமகனா, பெற்றோர் வழியாலா என்னும் செய்தி மட்டும் இல்லை. படித்ததை மட்டும் அறிந்த செயலி ஏட்டின் ஆயுளைக் காக்குமாம். ஏட்டுக்கு உரியவர் குடிமகனாக இருக்கும் ஆயுளைப் பற்றி வாய் திறவாதாம்!

பெயரில் வரும் இடர் தமிழர்க்கே உரியது. மலேசியக் கடப்பிதழில் தன் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பன நிற்கும். இயந்திர வரியிலோ ரோமன் பேரெழுத்துக்கும் எண்ணுக்கும் ஓர் இடநிரப்புக் குறிக்கும் அன்றி வேறெதற்கும் இடமில்லை, சாய்கோடு மறைந்துபோகும். மற்றொரு நாட்டின் ஏட்டில் தந்தை பெயரே குடும்பப் பெயராக அமர்ந்திருக்கும். இரண்டும் ஒருவர் பெயரே என்று உணராத செயலி, பயணச்சீட்டில் ஒரு பெயரை எழுதிவிட்டு நுழைவாயிலில் மற்றொரு பெயருள்ள ஏட்டை நீட்டச் சொல்லும். இதனை அயலார் கண்டுபிடித்துத் தரமாட்டார். தமிழாசிரியர்தாம் மாணவர்க்குச் சுட்டிக்காட்ட வேண்டும்.

“சட்டங்கள் நாள்தோறும் மாறுகின்றனவே, அத்தனையும் செயலிக்குள் அடங்குமோ?” என்று வினவுவர். மாறுவது மெய்யே. இரட்டைக் குடிமக்கள் கனடியக் கடப்பிதழின்றி வானூர்தி ஏறுவதைக் கனடா 2016 நவம்பரில் தடுத்தது. அமெரிக்கக் கடப்பிதழ் உடையோர்க்கு மட்டும் விலக்களித்தது. பிரிட்டன் 2026 பிப்ரவரியில் அதுபோன்ற கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தியது. இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு 1987இல் வழிதிறந்தது. ஜெர்மனி 2024இல் கதவை அகலத் திறந்தது. இந்தியா திறக்கவேயில்லை, ‘ஓசிஐ’ அட்டையைக் குடியுரிமை என்று மயங்குவோர் நம்மிடையே இன்றும் உளர். இத்தனை வேற்றுமைகள் இருப்பதனாலேயே ஒவ்வொரு விதியின் அருகிலும் அது இறுதியாகச் சரிபார்க்கப்பட்ட நாள் தெரிய வேண்டும். நாள்பட்ட விதியைத் துணிந்து உரைப்பதினும், ‘குடிநுழைவுத் துறையைக் கேளுங்கள்’ என்று கூறி அடங்குதல் மேல்.

ஒருவரின் இரு கடப்பிதழ்ப் படங்களையும் ஊர்பேர் தெரியாத கணினிக் கிடங்குக்கு அனுப்பி வைப்பதும் கூடாது. அவை அவர் கைப்பேசியிலேயே பூட்டிக் கிடக்கட்டும். ‘எந்த நாட்டிடம் எதை மறைக்கலாம்’ என்று சொல்லித்தரும் கருவி வேண்டுவோர் வேறு தச்சரைத் தேடிக்கொள்ளட்டும்.

செயலியின் முதல் திரையில் படக்கருவிக்கு வேலையில்லை. எந்தெந்த நாடுகள், ஒவ்வொன்றின் குடியுரிமையும் எவ்வழியில் வந்தது, வயது என்ன என்ற மூன்று வினாக்களே அங்கே நிற்க வேண்டும். விடையில் மலேசியா இருப்பின், பிறநாட்டு ஏட்டைப் புதுப்பிக்கும் பொத்தான் தோன்றலாகாது. அவ்விடத்தில் 24ஆம் பிரிவு நல்ல தமிழில் தோன்ற வேண்டும்.