இரண்டு இலையும் ஒரு மொட்டும்

பிறமொழி கற்பிக்கும் ஆசிரியர் முதற்கண் அறிய வேண்டுவது மாணாக்கரின் தாய்மொழி. இவ்வுண்மை நம் ஆங்கில வகுப்புகளிற் பெரிதும் மறக்கப்படுகின்றது. கொஸ்லந்த முதலாய ஊவாத் தோட்டப் பகுதிகளில், ‘டூ லீஃப்’ என்றும், ‘திஸ் புக்ஸ்’ என்றும், ‘எவ்ரி சில்ட்ரன்’ என்றும் எழுதும் மாணாக்கர் மந்தமதியினர் எனப் பெயர் பெறுகின்றனர். சிவப்பு மை பிழையைக் காட்டுகின்றதேயன்றிப் பிழையின் காரணத்தைக் காட்டுவதில்லை. அம்மாணாக்கர் மந்தமதியினர் அல்லர். தம் தாய்மொழியின் விதிக்கு அடங்கி நடப்பவர் என்பதே எம் கருத்து.

மலைநாட்டார் அனைவரும் அறிந்த தொடர் ஒன்றுண்டு. நல்ல கொழுந்துக்கு இலக்கணம், இரண்டு இலையும் ஒரு மொட்டும். இங்கே இலை இலையாகவே நிற்கின்றது. ‘இரண்டு’ என்னும் எண்ணே பன்மையை உணர்த்திவிட்டமையின் ‘கள்’ விகுதி வேண்டப்படவில்லை. ஆங்கிலமோ ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’ என்கின்றது. எண் முன்னின்ற போதும் பெயர் பன்மை வடிவம் கொள்கின்றது. மொட்டு ஒன்றாயின் ‘எ’ என்னும் அடை முன்வருகின்றது. நாள்தோறும் கொழுந்து கிள்ளும் தாயின் பிள்ளைக்கு இதனினும் எளிய பாடம் வேறு யாது வேண்டும்?

இப்பொருளை நம் இலக்கண ஆசிரியர்கள் நன்கு ஆராய்ந்துள்ளனர். மாடு, மரம், இலை என்பன பால்பகா அஃறிணைப் பெயர்கள். ‘மாடு வந்தது’ எனின் ஒன்று. ‘மாடு வந்தன’ எனின் பல. முடிவில் நிற்கும் வினையே எண்ணை விளக்குகின்றது. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதி இன்றி வழங்கும் இயல்பைக் குறித்துள்ளார். ஆங்கிலத்திலோ பெயருக்கு முன்னிற்கும் அடைமொழியிலேயே எண் புலப்படத் தொடங்குகின்றது. நம் ‘இந்த’, ‘அந்த’ என்பன ஒருமை பன்மை இரண்டற்கும் பொது. ஆங்கிலத்தில் ஒன்றற்குத் ‘திஸ்’, ‘தாட்’. பலவற்றிற்குத் ‘தீஸ்’, ‘தோஸ்’. செம்மறியாட்டைக் குறிக்கும் ‘ஷீப்’ என்னும் சொல் அம்மொழியிலும் பால்பகாது நிற்பது. ‘திஸ் ஷீப்’ எனின் ஓராடு; ‘தீஸ் ஷீப்’ எனின் பல ஆடுகள். நன்னூல் பயின்ற மாணாக்கனுக்கு இது நொடியில் விளங்கும் அன்றோ?

வேற்றுமை மட்டுமன்று, ஒற்றுமையும் உண்டு. ‘ஹவ் மெனி’, ‘ஹவ் மச்’ என்பவற்றில் மயங்குவோர் பலர். ஆயின் பீலியடியில் நிற்கும் சிறுமியும் ‘எத்தனை குடம்’, ‘எவ்வளவு தண்ணீர்’ என்றே கேட்பாள். எண்ணத்தக்கதையும் அளக்கத்தக்கதையும் அவள் மயக்குவதில்லை. ‘ஒவ்வொரு பிள்ளையும்’ என நாம் ஒருமையாற் கூறுவது போன்றதே ‘எவ்ரி சைல்ட்’. ‘பிள்ளைகளுள் ஒவ்வொருவரும்’ என்பதற்கு நேர் ‘ஈச் ஆஃப் த சில்ட்ரன்’. ‘எ ஃபியூ சில்ட்ரன்’ என்பதில் ஒருமை அடையும் பன்மைப் பெயரும் ஒருங்கு நிற்பது கண்டு திகைக்க வேண்டா. ‘ஒரு சில பிள்ளைகள்’ என நாமும் வழங்குகின்றோம்.

ஆங்கில வகுப்பிலே தமிழ் ஒலிக்கலாகாது என்பார் உளர். இடைவிடாது கேட்டும் பேசியும் பழகினால் மொழி தானே வரும் என்பது அவர்தம் வாதம். வீட்டிலும் வீதியிலும் ஆங்கிலம் கேட்கும் நகரத்துப் பிள்ளைக்கு அது பொருந்தலாம். லயத்து வாசலில் ஆங்கிலம் ஒலிப்பதில்லை. அப்பிள்ளைக்குத் துணையாக நிற்பது தெளிந்த விளக்கமே.

தமிழாசிரியருக்கும் இதிற் கடமையுண்டு. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ என்னும் வழுவைத் தமிழ் வகுப்பில் வாளா விடுவோமாயின், ‘எவ்ரி ஸ்டூடன்ட்ஸ்’ என்பதை ஆங்கில வகுப்பில் எங்ஙனம் திருத்துவது?

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இந்நாட்டின் இணைப்பு மொழியாக்கிற்று. உயர்கல்விக்கும் உத்தியோகத்திற்கும் அது வேண்டப்படும் நாளில், காரணம் அறியாத சிறு பிழைகளால் அஞ்சி வாய் மூடும் பிள்ளை இழப்பது பெரிது. ஆதலின் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒருங்கமர்ந்து, பெயரும் எண்ணும் பற்றிய பாடங்களை ஒப்பிட்டு வகுத்தல் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமோ பெருஞ்செலவோ வேண்டா. இரு ஆசிரியர்தம் மனமொத்த முயற்சியே போதும். தாய்மொழி இலக்கணம் பிறமொழிக்குத் தடையன்று, அதுவே ஏணி.