தோற்றவர்மேல் பழி போடும் வரலாறு

நாச்சியாபுரத்தில் ஒரு பேச்சாளர், அஸ்டெக்குகளும் இன்காக்களும் ஸ்பானியரிடம் வீழ்ந்ததற்கும், நம் சிவகங்கைச் சீமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் வீழ்ந்ததற்கும் ஒரே காரணம் சொன்னார்: வந்தவனிடம் பீரங்கி இருந்தது, இருந்தவனிடம் அறிவு இல்லை. இது வரலாறே அல்ல, கொள்ளைக்காரனுக்கு எழுதிக் கொடுக்கும் நற்சான்று.

1519இல் மெக்சிகோவில் இறங்கிய ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸிடம் இருந்தவர்கள் சில நூறு பேர். 1521 ஆகஸ்டில் அஸ்டெக் தலைநகர் தெனோச்சித்லானை வீழ்த்திய படையில் பெரும்பாலோர் அந்த மண்ணின் மக்கள். அஸ்டெக்குகளின் நெடுநாள் பகைவரான த்லாக்ஸ்கலா வீரர்கள் அதில் முன்னே நின்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டே பெரியம்மை நகரத்தைத் தின்றிருந்தது. பெருவிலோ இன்கா அரியணைக்காக வாஸ்கரும் அதவால்பாவும் மோதி ஓய்ந்த நேரத்தில், 1532இல், 168 பேரோடு ஸ்பானியன் பிசாரோ நுழைந்தான். சந்திக்க வந்த அதவால்பாவைச் சிறைபிடித்து, மீட்புப் பொன்னையும் வாங்கிக்கொண்டு, மறு ஆண்டே கொன்றான். குதிரையும் எஃகும் உதவின, மறுக்கவில்லை. ஆனால் உள்பகையும் நோயும் துரோகமும் இல்லாமல் அந்த 168 பேர் என்ன சாதித்திருப்பார்கள்?

சிவகங்கைக்கு வருவோம். 1772இல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்று கும்பினியும் ஆற்காட்டு நவாபும் பறித்த சீமையைத்தான் அவருடைய அரசி வேலுநாச்சியாரும் தளபதிகளான மருது சகோதரர்களும் 1780இல் மீட்டார்கள். அறிவில்லாதவர்கள் செய்யும் காரியமா அது? மைசூரின் ஹைதர் அலியின் துணையைத் தேடிப் பெற்றது தேர்ந்த அரசியல்.

1801இல், சீமையை ஆண்டுவந்த மருது சகோதரர்கள்மேல் கும்பினி மீண்டும் படையெடுத்தது. அந்த ஆகஸ்டு முழுக்கக் கும்பினித் தளபதி அக்னியூவின் படை, காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காடு வெட்டிப் பாதை போட முயன்றது. மருதுவின் ஆட்கள் விடவில்லை. பீரங்கிகளோடு வந்த படை செப்டம்பர் தொடக்கத்தில் அந்த முயற்சியைக் கைவிட்டுத் திரும்பியது. பிறகு கும்பினி எடுத்த ஆயுதம் வேறு: அரச வம்சத்து உரிமை கோரிய படமாத்தூர் கௌரிவல்லபரைச் சோழபுரத்தில் ஜமீன்தாராக அறிவித்தது. மருதுவின் பக்கம் நின்றவர்களில் பலர் கலைந்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரமும் ஏற்கெனவே கும்பினிப் பக்கம். அக்டோபர் 1இல் காளையார்கோவில் விழுந்தது. 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

பீரங்கியால் முடியாததைப் பட்டம் முடித்தது. பேச்சாளரின் வாதம் இதைத்தான் மறைக்கிறது. 'அறிவில்லாமல் தோற்றோம்' என்று சொல்லிவிட்டால், வரிக்கும் நிலத்துக்கும் பேராசைப்பட்டவன் தப்பிக்கிறான். பதவிக்காக அவனோடு கைகோத்தவனும் தப்பிக்கிறான். குற்றவாளிக் கூண்டில் நிற்பது தூக்கில் தொங்கியவர்கள் மட்டுமே. அந்தத் தீர்ப்பை இந்த மண்ணில் நின்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.