பின்னி மில்: செங்கல் குவியலா, சரித்திரமா?

சென்னை புளியந்தோப்பு, பட்டாளம் பக்கம் பஸ்சில் போகிறவர்கள் கண்ணில் இப்போது படுவது வரிசையான அடுக்குமாடிகள். ஒரு காலத்தில் அந்த மண்ணில் பல்லாயிரம் பேர் சங்குச் சத்தம் கேட்டு வேலைக்கு ஓடினார்கள். போலீஸ்காரர் உடுத்திய காக்கித் துணிக்கே அந்த மில் பேர்தான்!

பக்கிங்காம் - கர்நாடிக் மில். ஜனங்கள் வாயில் 'பின்னி மில்'. 1996-ல் மூடினார்கள். அப்புறம் என்னாச்சு? பாழடைந்த ஷெட்டுகளில் சினிமா கதாநாயகர்கள் வில்லன்களைப் புரட்டி எடுத்தார்கள். பிறகு நிலம் கைமாறியது.

சாப்பாட்டு நேரத்துக்குச் சண்டை

1918 ஏப்ரல் 27-ந்தேதி சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்ததே இந்த மில் ஆட்களால்தான். பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க. துணை நின்றார். முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று இதைச் சொல்வார்கள். மத்தியானம் சோறு தின்னக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேணும் என்பதும் ஒரு கோரிக்கை. இன்று ஆபீசில் நிம்மதியாக டிபன் பாக்சைத் திறக்கிற குமாஸ்தாவுக்கு இது தெரியுமோ, என்னவோ!

1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. பெருமை மட்டுமல்ல, அந்த வேதனையும் அந்தச் சுவர்களுக்குள் இருந்த கதைதான்.

சட்டம் தூங்கிய 12 வருஷம்

பாரம்பரியக் கட்டடம் என்றாலே நம்மவர்களுக்கு ஐகோர்ட்டு, ரிப்பன் மாளிகை, சென்ட்ரல் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். மில் ஷெட்டு? "பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியது" என்பார்கள்.

பழைய கட்டடங்களைக் காக்க 2012-ல் தமிழக சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அது அமலுக்கு வர 2024 ஆகிவிட்டது. அதற்குள் எத்தனை சுவர் இடிந்ததோ!

"குடியிருக்க வீடு முக்கியமா, பழைய செங்கல் முக்கியமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வீடு கட்ட எல்லாவற்றையும் இடித்தாக வேண்டுமா? லண்டனில் 1981-ல் மூடிய ஒரு மின்சார நிலையத்தை அப்படியே வைத்து 2000-ல் ஓவியக்கூடமாகத் திறந்தார்கள். ராட்சத எந்திரம் ஓடிய கூடத்தில் இன்று ஜனக்கூட்டம்!

இங்கே அவ்வளவுகூட வேண்டாம். அடுத்த பழைய மில்லுக்கு பிளான் பாஸ் செய்யும்போதே, "ஒரு ஷெட்டும் வாசல் கேட்டும் நிற்கணும், அதில் வார்டு லைப்ரரியோ கல்யாண மண்டபமோ வரணும்" என்று ஒரு நிபந்தனை போடலாம். இடித்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை.