உடைந்த விளக்கு யார் தலையிலே?

தோழர்களே! மின்சாரம் மிச்சமாகும் என்று வாங்கிய சி.எஃப்.எல். விளக்கு ஆயுள் முடிந்ததும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. அதனுள்ளே பாதரசம் இருப்பதை எண்ணிப் பார்ப்போர் எத்தனை பேர்?

அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. ஒரு விளக்கில் உள்ளது பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்கு உட்பட்ட பாதரசமே. கண்ணாடி உடையாதவரை தீங்கில்லை. உடைந்துவிட்டால், சன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் அறையை விட்டு அகலுங்கள். துடைப்பத்தால் பெருக்காமல், கெட்டி அட்டையால் சில்லுகளை அள்ளி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அடையுங்கள்.

வீட்டுக்கு இது போதும். ஊரார் விளக்குகளெல்லாம் ஓரிடத்தில் குவிந்து நொறுங்கும்போது எழும் ஆவியைச் சுவாசிப்பவர் யார்? கையுறையின்றிக் குப்பை பிரிக்கும் துப்புரவுத் தொழிலாளி! காயலான் கடையிலே கண்ணாடி உடைக்கும் கூலியாள்!

பாதரசக் கழிவைப் பொறுப்பின்றிக் கைவிட்டால் என்ன நேரும் என்பதைக் கொடைக்கானல் காட்டிற்று. இந்துஸ்தான் லீவரின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன், 2001இல் அங்கே ஒரு காயலான் கடையில் கண்டறியப்பட்டது. ஆலை மூடப்பட்டது. ஆனால், முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டதோ 2016இலேதான்! ஆலையின் அளவு வேறு, விளக்கின் அளவு வேறு, பாடம் ஒன்றே. ஆக்கியவன் கைகழுவினால், அள்ளியவன் அவதியுறுவான்.

நமது புதுவையின் தேங்காய்த்திட்டை எண்ணிப் பாருங்கள்! மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும் அமைந்த கழிமுகம் அது. அத்தகைய நீர்நிலையில் பாதரசம் கலந்தால், சேற்று நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக மாற்றும், அது மீனில் ஏறும், மீனுண்பவரை அடையும். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட கொடிய நோய்க்குக் காரணம், ஆலைக்கழிவால் மீனில் ஏறிய அந்த நஞ்சே அன்றோ?

மினமாட்டாவின் பெயரால் 2013இல் பிறந்த உலக உடன்படிக்கையை இந்தியா 2018இல் ஏற்றது. பாதரசமற்ற எல்.ஈ.டி. விளக்குகளும் வந்துவிட்டன. நன்று! ஆனால், கழற்றப்படும் பழைய விளக்குகள் எங்கே போகும்?

அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளர் தோளில் வைத்தன. ஏட்டிலே உள்ள விதி கடைவீதிக்கு வர வேண்டும். விளக்கு விற்கும் கடைதோறும் பழைய விளக்குக்கொரு பெட்டி வேண்டும். தொழிலாளிக்குக் கையுறையும் முகக்கவசமும் வேண்டும். இதைக் கடைக்காரரிடம் கேளுங்கள், நகராட்சியிடம் கேளுங்கள்!

வெளிச்சம் நமக்கு, நஞ்சு தொழிலாளிக்கு என்பது நீதியாகாது!