கணவர் கையெழுத்து எங்கே என்று கேட்பவர்களுக்கு

முதலில் ஒரு மார்க் கேள்வி ஒன்று.

21 வயதுப் பெண். கல்யாணம் ஆகவில்லை. எதிர்பாராமல் கர்ப்பம். வேண்டாம் என்று முடிவெடுத்து மருத்துவரிடம் போகிறாள். சட்டப்படி யாருடைய சம்மதக் கையெழுத்து தேவை?

அ) அப்பா
ஆ) அப்பா, அம்மா இருவரும்
இ) அந்தப் பையன்
ஈ) அவள் மட்டும்

எங்கள் கேன்டீனில் இதைக் கேட்டுப் பார்த்தேன். மூன்று வருடமாக கம்பெனி லா, இன்கம் டாக்ஸ் என்று செக்‌ஷன் நம்பரோடு ஒப்பிக்கிற கூட்டம் அது. பெரும்பாலும் "அ", "ஆ". "கல்யாணம் ஆகலைன்னா பண்ணவே கூடாதுப்பா, கிரிமினல் கேஸ்" என்று ஒருத்தன் அடித்துச் சொன்னான். "ஈ" என்றவள் ஒரே ஒருத்தி. அவளும் கேள்விக்குறி போட்டுத்தான் சொன்னாள்.

விடை ஈ. நேற்று வந்த சட்டம் இல்லை இது. 1971ல் நிறைவேறி 1972 ஏப்ரலில் அமலுக்கு வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம். 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்றவளாக இருந்தாலும் கணவன் கையெழுத்து தேவையில்லை. நம் பாட்டிகள் காலத்துச் சட்டம் பேத்திகளுக்கு இன்னும் தெரியவில்லை. தெரியாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

ஏன் இப்போது இதை எழுதுகிறேன்? எனக்குத் தெரிந்த ஒரு பெண். வேறு ஊர், வேறு கல்லூரி, ஹாஸ்டல்வாசி. (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். யார் என்று யூகிக்கும் வேலை வேண்டாம்.) ஆறாவது வாரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனாள். ரிசப்ஷனில் அத்தனை பேர் முன்னால் "ஹஸ்பண்ட் வரலையா?" உள்ளே டாக்டர் அரை மணி நேரம் ஒழுக்கப் பாடம் எடுத்துவிட்டு, "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா, இல்லைன்னா அந்தப் பையனைக் கூட்டிட்டு வந்து கையெழுத்து போடச் சொல்லு" என்றார். அந்தப் பையன் அதற்குள் போனை ஆஃப் செய்திருந்தான். இரண்டாவது இடத்திலும் இதே கதை. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையில் முடிந்தபோது பதினோராவது வாரம். மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது மயக்க மருந்து வரைக்கும் போனது. இடையில் இரண்டு இன்டர்னல்ஸ் போச்சு.

அந்த ஐந்து வாரத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது யார்? சட்டமா? சட்டத்தில் இல்லாத ஒரு கையெழுத்தைக் கேட்டவர்களா?

கணக்கு தெரிந்தவர்களுக்கு ஒரு கணக்கு

கர்ப்பத்தின் வாரங்களை உறவு நடந்த நாளிலிருந்து எண்ணமாட்டார்கள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். அதாவது 28 நாள் சுழற்சி உள்ள ஒருத்திக்கு நாள் தள்ளிப்போகும் அன்றே கணக்கில் நாலு வாரம். "ரெண்டு வாரம்தானே லேட்டு, எக்ஸாம் டென்ஷனா இருக்கும்" என்று காத்திருந்தால் ஆறு வாரம். 2021ல் திருத்திய விதிகளின்படி மாத்திரை முறை 9 வாரம் வரைக்கும்தான். ஆறிலிருந்து ஒன்பதுக்கு மூன்று வாரம். அதில் ஒரு வாரம் அழுகை, ஒரு வாரம் பையனைத் தேடுவது, ஒரு வாரம் "அடுத்த வாரம் வாங்க". முடிந்தது கதை.

அதனால் தாமதம் ஒரு சின்ன அசௌகரியம் இல்லை. அதுவே ஒரு தண்டனை. ஆர்டர் போடாமல், தீர்ப்பு எழுதாமல், "வீட்ல சொல்லிட்டு வாம்மா" என்ற ஒரே வரியில் கொடுக்கிற தண்டனை.

இன்னொரு கூத்து மருந்துக் கடையில். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போடும் அவசர கருத்தடை மாத்திரையை மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று 2005ல் அனுமதித்தார்கள். அது கருவைக் கலைக்கிற மாத்திரை இல்லை. கரு உருவாகாமல் தடுப்பது. ஏற்கனவே கர்ப்பமாக இருந்தால் அது ஒன்றும் செய்யாது. தமிழ்நாட்டில் போய்க் கேட்டுப் பாருங்கள், "ஸ்டாக் இல்லை" என்பார்கள். விற்கத் தடை எதுவும் கிடையாது. தடுப்பதற்கான மாத்திரையைத் தரமாட்டோம், தடுக்காமல் போனால் கலைக்கவும் விடமாட்டோம். என்ன லாஜிக் சார் இது?

கதவை எல்லாம் சாத்தினால் ஜன்னல் வழியாகத்தான் போவார்கள். யாரோ ஒருவன் சீட்டில்லாமல் கேட்ட விலைக்குக் கொடுக்கிற கருக்கலைப்பு மாத்திரையை ஹாஸ்டல் பாத்ரூமில் போட்டுக்கொள்வார்கள். கரு கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம். ஸ்கேன் எடுக்கப் போனால்தான் "ஹஸ்பண்ட் பேர் என்ன?" என்கிறார்களே!

நீதிமன்றமே சொல்லிவிட்டது

2021 திருத்தத்தில் "திருமணமான பெண் அல்லது அவள் கணவன்" என்ற சொற்களை எடுத்துவிட்டு "பெண் அல்லது அவள் பார்ட்னர்" என்று போட்டார்கள். (பார்ட்னர் என்றதும் 1932ஆம் வருடச் சட்டம் ஞாபகத்துக்கு வந்தால் நீங்களும் நம்ம டிபார்ட்மென்ட்தான் :-)) கருத்தடை தோற்றுப்போய் உண்டான கர்ப்பத்தால் வரும் மன வேதனையே 20 வாரம் வரை போதுமான காரணம். ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை சில பிரிவுப் பெண்களுக்கு இரண்டு மருத்துவர்கள். அந்தப் பிரிவுகளில் கல்யாணமாகாதவர்கள் வரமாட்டார்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 25 வயதுப் பெண் ஒருவரைத் திருப்பி அனுப்பியது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாடு செல்லாது என்று தீர்ப்பளித்தது. சட்டம் கேட்காத கூடுதல் நிபந்தனைகளை மருத்துவர்கள் போடக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. யார் வந்தார், எதற்கு வந்தார் என்பதை வெளியே சொன்னால் ஓராண்டு வரை சிறை.

இந்தச் சட்டம் தங்கம் என்று நான் சொல்லவில்லை. இதில் முடிவு இன்னமும் "மருத்துவரின் கருத்து" என்ற வாசலில்தான் நிற்கிறது. அந்த வாசலில் உட்கார்ந்திருப்பவர் நல்லவராக இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. 18 வயதுக்குக் கீழ் என்றால் காப்பாளர் சம்மதம் வேண்டும், போக்சோ சட்டமும் உள்ளே வரும். அது தனிக் கதை.

அட்வைஸ் அம்புஜங்கள்

இதுவரை "கலைக்கக் கூடாது" கோஷ்டியைத் திட்டினேன் என்று எதிர்க் கோஷ்டி கை தட்ட வேண்டாம். "யாருக்கும் தெரியாம முடிச்சிடு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போகிறவர்களும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள். காதலனோ அம்மாவோ மாமியாரோ, அவள் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் அது பத்தாண்டு அல்லது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். மூன்றாவதாக ஒரு கோஷ்டி உண்டு: "பேசாம அவனையே கட்டி வச்சிடலாம்". போனை ஆஃப் செய்தவனை ஆயுளுக்கும் கட்டி வைப்பது தீர்வாம்!

ஒருத்தி பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தால்? "மாட்டேன், இது என் குழந்தை" என்றால்? அதற்கும் வழி இருக்கிறது. அப்பா யார் என்று சொல்லாமலே திருமணமாகாத தாய் தன் குழந்தைக்குக் காப்பாளராகலாம் என்று 2015ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. படிப்பு? மாணவிகளுக்கு மகப்பேற்றுக் காலத்தில் வருகைப் பதிவிலும் தேர்விலும் தளர்வு தர விதி வகுக்கச் சொல்லி 2021 டிசம்பரில் யூ.ஜி.சி. எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் எழுதியது. உங்கள் காலேஜ் நோட்டீஸ் போர்டில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

பெற்றுவிட்டு வளர்க்க முடியாது என்றால்? குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி ஒப்படைக்கலாம். மனசு மாறினால் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் உண்டு. 1992லேயே சேலத்தில் தொட்டில் வைத்த மாநிலம் நம்முடையது. அப்புறமும் குப்பைத்தொட்டியில் பச்சைக்குழந்தை என்று செய்தி வந்தால் "கல்நெஞ்சத் தாய்" என்று தலைப்புப் போடுகிறோம். அவளுக்கு முன்னால் இருந்த மூன்று வழிகளையும் அடைத்து வைத்த நெஞ்சங்கள் எந்தக் கல் என்று யாரும் தலைப்புப் போடுவதில்லை.

வழக்கமான கேள்விகள்

"இப்படியெல்லாம் எழுதினா பொண்ணுங்க கெட்டுப் போயிடுவாங்க." இன்சூரன்ஸ் படித்தால் வண்டியை மரத்தில் மோதுவோமா என்ன?

"அந்தப் பையனுக்கு உரிமை இல்லையா?" பேச உரிமை உண்டு, கூட வந்து நிற்கக் கடமையும் உண்டு. சுமப்பவளும் வலிப்பவளும் ஒருத்தி என்கிறபோது கையெழுத்தும் அவளுடையதுதான்.

"கருவும் உயிர்தானே?" இது மட்டும் கிண்டல் செய்யக்கூடாத கேள்வி. அப்படி நம்புகிறவர்களை மதிக்கிறேன். அந்த நம்பிக்கையோடு ஒருத்தி தன் கர்ப்பத்தைத் தொடர்ந்தால் அவளுக்காகவும் சண்டை போடுவேன். ஆனால் என் நம்பிக்கையை இன்னொருத்தியின் வயிற்றில் வைத்துப் பரிசோதிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. உயிர் என்று உருகுகிறவர்கள் அந்த உயிர் பிறந்தபிறகு அதன் தாயை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

மக்களே, நாளைக்கு உங்கள் தோழி ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காரலாம். "யாருடி அவன்?" என்று ஆரம்பிக்காதீர்கள். "எத்தனை நாள் ஆச்சு?" என்று கேளுங்கள், தேதியை எண்ணிப் பாருங்கள். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் சொல்லும் முடிவு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை, கூடப் போங்கள். அங்கே யாராவது கணவர் கையெழுத்து எங்கே என்றால், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். செக்‌ஷன் நம்பர் கேட்க நமக்குச் சொல்லியா தரவேண்டும்?

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, பி.காம். கடைசி வருடம். இதைப் படித்துவிட்டு நீங்களே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கே போகலாம், கட்டணம் கிடையாது. வயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலி, தலைசுற்றல், நிற்காத ரத்தப்போக்கு என்றால் யோசிக்காமல் ஓடுங்கள். திட்ட வருகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம், ஒரே ஒரு நிபந்தனை: அந்த ஒரு மார்க் கேள்விக்கு விடை எழுதிவிட்டுத் திட்டவும்.