அடியாத நாயும் படியும்



நம்ம குடும்பக் குழுவில் இரண்டு நாளாக ஒரு வீடியோ சுற்றுகிறது. செருப்பைக் கடித்த குட்டி நாய்க்குத் தென்னை மட்டையால் அடி. கீழே "அடியாத மாடு படியாது" என்று சிரிப்புப் பொம்மைகள். சிரித்தவர்களில் இன்று ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களும் உண்டு. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

மக்களே, ஆசிரியர் பயிற்சியில் தார்ண்டைக்கின் விளைவு விதியைப் படித்துத்தானே தேர்வு எழுதினோம்? திருப்தி தரும் செயல் மனதில் நிலைக்கும் என்பது அது. 1898இல் பூனைகளைக் கூண்டில் வைத்து ஆராய்ந்தவர் அவர். பரிசு பலன் தரும் அளவுக்குத் தண்டனை தருவதில்லை என்று 1930களில் தன் விதியைத் தானே திருத்தினார். பரீட்சைக்கு எழுதியது முற்றத்துக்கு வந்ததும் மறந்துபோகுமா?

அடிபட்ட நாய் என்ன படிக்கிறது? ஆள் பார்க்காத நேரத்தில் கடிக்கப் படிக்கிறது. "இங்க வா" என்று கூப்பிட்டு, வந்ததும் அடித்தால், கூப்பிட்டால் போகக் கூடாது என்று படிக்கிறது. உறுமியதற்கு அடித்தால், அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். ஓங்கிய கைக்குப் பயந்த நாய்க்கு, தடவ வரும் பேரப்பிள்ளையின் கையும் ஓங்கிய கைதான். அடிமேல் அடி அடித்தால் அம்மி நகரும், சரி. அம்மி எதையாவது படித்ததா?

"தின்னக் கொடுத்துப் பழக்குவது லஞ்சம்" என்கிறார் ஒரு மருமகன். லஞ்சம் வேலைக்கு முன்னால் காட்டுவது. இது வேலை முடிந்ததும் கொடுக்கும் கூலி. காவல்துறை மோப்ப நாய்க்கும் கண்டுபிடித்ததும் விளையாடப் பந்து கிடைக்கிறது.

முறை எளிது. "உட்கார்" என்றதும் உட்கார்ந்தால், அந்த நொடியிலேயே பாராட்டிக் கொடுங்கள். முள்ளெடுத்த சாளையோ ஏத்தம்பழமோ பட்டாணி அளவு போதும். ஐந்து நிமிடத்தில் நிறுத்துங்கள். நன்றாகப் பழகியபின் இடையிடையே கொடுத்தால் போதும். மேலே தாவினால் முகத்தைத் திருப்பி நில்லுங்கள். நாலு காலும் தரையில் பட்டதும் கொடுங்கள். செருப்பை உயரத்தில் வைத்துவிட்டு, கடிக்க வேறொன்று கொடுங்கள். செல்லம் கொடுத்துக் கெடுப்பது வேறு, இது வேறு. இதில் ஒழுங்கு உண்டு, வலி இல்லை.

அமெரிக்காவின் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கமும் 2021இல் எல்லா நாய்ப் பயிற்சிக்கும் பரிசு முறையையே பரிந்துரைத்தது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி மிருகத்தை அடித்து வதைப்பது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான்! ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் மட்டையைக் கீழே போடப்போவதில்லை. வகுப்பறைப் பிரம்பை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்தபோதும், "அடிக்காமல் பிள்ளை உருப்படுமா" என்றுதான் பலர் கேட்டார்கள். பிள்ளைகள் படிக்காமலா போனார்கள்?

நாய் வளர்ப்பவர்கள் பத்து நாள் இப்படிச் செய்து பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். மறுப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அதுவரை மட்டை அடுப்பெரிக்கப் பயன்படட்டும்.